வெள்ளத்தில் ஒரே அடுப்பு, வெயிலில் ஏன் தனித்தனி டிரம்?

வாசகர் கேள்வி:

சென்னைப் புறநகரில் எங்கள் குடியிருப்பு. ஏ பிளாக்கில் 32 வீடு, பி பிளாக்கில் 32 வீடு. தரைத்தளமும் மூன்று மாடியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தாரை மேல்மாடிக்காரர்கள் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். மொட்டைமாடியில் ஒரே அடுப்பில் அத்தனை பேருக்கும் சமையல் நடந்தது. அதே ஆட்கள்தான் இன்று பராமரிப்புப் பணத்தை இழுத்தடிக்கிறார்கள். 14 வீடு மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி. ஏப்ரலில் போர் வற்றியதும் 12,000 லிட்டர் லாரியை 1,800 ரூபாய்க்கு வாங்கி, செலவை 64ஆல் வகுக்கிறோம். வீட்டுக்கு வீடு மீட்டர் கிடையாது. தண்ணீர் விடும் நேரத்தில் டிரம் டிரம்மாகப் பிடித்துவைக்கிறார்கள், கார் கழுவுகிறார்கள், கேட்டால் எதிர் பிளாக்கைக் கைகாட்டுகிறார்கள். பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் 11 பேர். தாமதத்துக்கு நாளுக்கு 50 ரூபாய் அபராதம் போட்டு, பாக்கிக்காரர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்கிறார் தலைவர். கல்லூரியில் உயிரியல் படிக்கும் என் மகனோ, "பரிணாமம் மனுஷனை சுயநலமாத்தான் ஆக்கியிருக்கு, விடுங்கப்பா" என்கிறான். அவன் சொல்வது சரியா? நாங்கள் என்ன செய்வது?

சங்கச் செயலர்

பதில்:

அன்புள்ள செயலர் அவர்களுக்கு,

நாளுக்கு 50 ரூபாய் அபராதம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் பெயர் போடுவது வேண்டவே வேண்டாம். ஏன் என்று விளக்க, உங்கள் மகன் எடுத்துப்போட்ட பரிணாமத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் உங்கள் பிரச்சினைக்கு வழி இருக்கிறது.

முதலில் உங்கள் கணக்கு. லாரித் தண்ணீர் லிட்டருக்கு 15 காசு விழுகிறது. ஒருவர் கார் கழுவி, வாசலை அலசி 200 லிட்டர் கூடுதலாகச் செலவழித்தால் சங்கத்துக்கு 30 ரூபாய். அதை 64ஆல் வகுத்தால் கழுவியவர் தலையில் விழுவது 47 காசு. பாக்கி 29 ரூபாய் 53 காசை மற்ற 63 வீடும் கட்டுகிறது. இன்னொருவர் சிக்கனமாக இருந்து அதே 200 லிட்டரை மிச்சம் பிடித்தாலும் அவர் பையில் நிற்பது அதே 47 காசுதான். இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, ஜனங்களுக்கு மனசாட்சி இல்லை என்று அலுத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை. எவ்வளவு நல்ல மனிதரும் இந்த 47 காசுக்கு முன்னால் மெல்ல மெல்லத் தளர்ந்துபோவார்.

இனி சுயநலத்துக்கு வருவோம். உயிரியலில் மரபணுவைச் சுயநலமானது என்று சொல்வது ஒரு உவமை. தன் நகல்கள் அடுத்த தலைமுறையில் பெருகும்படி நடக்கும் மரபணு நிலைக்கும் என்பதே அதன் பொருள். தன்னைச் சுமக்கும் உடம்பை இன்னொருவருக்கு உதவச் செய்வதும் அப்படிப் பெருகும் வழிகளில் ஒன்று. உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் 1964இல் இதைக் கணக்காகவே போட்டார். உதவி பெறுபவருக்குக் கிடைக்கும் நன்மையை இருவருக்கும் உள்ள இரத்த உறவின் அளவால் பெருக்குங்கள். வரும் தொகை உதவுபவரின் நஷ்டத்தைவிட அதிகமானால் அந்தக் குணம் பரவும். உடன்பிறந்தவருக்கு உறவின் அளவு 1/2, சித்தப்பா பிள்ளைக்கு 1/8. எதிர்வீட்டுக்காரருக்குக் கிட்டத்தட்டப் பூஜ்யம். உங்கள் மகன் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது.

அடுத்த பாடம் 1971இல் ராபர்ட் டிரிவர்ஸ் எழுதியது: இரத்த உறவே இல்லாதவர்களும், இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு என்ற முறையில் ஒத்துழைக்க முடியும், திரும்பச் சந்திப்போம் என்ற உறுதியும் யார் என்ன செய்தார்கள் என்ற நினைவும் இருந்தால் போதும். இதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மொய் நோட்டு இருக்கிறது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தில் யார் எவ்வளவு எழுதினார், யாருக்கு எப்போது திருப்பிச் செய்ய வேண்டும் என்பது நோட்டில் ஏறிவிடுகிறது. வாங்கிக்கொண்டு செய்யாதவரின் பெயர் ஊரில் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1980 வாக்கில் ராபர்ட் ஆக்சல்ராட், ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று திரும்பத் திரும்ப முடிவெடுக்கும் ஆட்டத்தில் கம்ப்யூட்டர் நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்ட இரண்டு போட்டிகளிலும் (முதலாவதில் 14 நிரல்கள், இரண்டாவதில் 62) ஜெயித்தது அனடோல் ராபபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதல் தடவை ஒத்துழை, பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே நீயும் செய். மொய் நோட்டுக்கும் அதே விதிதான்.

ஆனால் இந்தத் தந்திரம் இருவருக்கு இடையில்தான் ஓடும். 64 வீட்டில் யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று கோபித்துக்கொண்டு நீங்களும் பணம் கட்டாமல் விட்டால் அடி விழுவது அந்த ஒருவர் மேல் அல்ல, 63 பேர் மேலும். அவர்களில் சிலர் பதிலுக்கு நிறுத்துவார்கள். கூட்டம் பெருகப் பெருகப் பதிலுக்குப் பதில் என்பது ஒத்துழைப்பைக் காப்பாற்றுவதற்குப் பதிலாக அதைக் கொன்றுவிடுகிறது. உங்கள் சங்கத்தில் இப்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்.

மனித இனம் இந்த முட்டுச்சந்தைத் தாண்டிய இனம். ஆதி மனிதக் கூட்டம் என்றாலே அண்ணன் தம்பி, பங்காளிகள் என்றுதான் முன்பு நினைத்துக்கொண்டிருந்தோம். 2011இல் கிம் ஹில் குழுவினர், வேட்டையாடியும் காய்கனி சேகரித்தும் வாழும் 32 சமூகங்களின் தகவல்களைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு கூட்டத்தில் சேர்ந்து வசிப்பவர்களில் பெரும்பாலோர் நெருங்கிய இரத்த உறவினர் அல்லர் என்று தெரிந்தது. அன்னியரோடு கஞ்சி பகிர்ந்து வாழ்வது அடுக்குமாடிக் காலத்துப் புதுமை இல்லை. அதற்கேற்ற சில குணங்கள் நமக்குள் ஊறிப்போயிருக்கின்றன. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் ஒன்று. விதியை மீறுபவரைப் பார்த்தால் தனக்கு நஷ்டம் இல்லாவிட்டாலும் வரும் ஆத்திரம் இன்னொன்று. மூன்றாவது, மற்றவர்கள் செய்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே செய்வது.

(கூட்டத்துக்கு நல்லது என்பதாலேயே ஒரு குணம் தேர்வாகுமா என்று மகன் கேட்பார். 1871இல் டார்வினே இதை எழுதினார்: ஒருவருக்கொருவர் உதவத் தயாரான ஆட்கள் நிறைந்த குழு மற்றக் குழுக்களை வெல்லும் என்று. உயிரியலாளர்கள் இதில் இன்னமும் இரண்டு கட்சி. ஆனால் கோழிக்கூண்டில் அது நடக்கும் என்று வில்லியம் மியூர் 1996இல் காட்டினார். ஒன்பது கோழி கொண்ட கூண்டுகளை வைத்து, தனித்தனிக் கோழியைப் பார்க்காமல், மொத்தமாக நன்றாக இருந்த கூண்டையே அடுத்த தலைமுறைக்கு எடுத்தார். சில தலைமுறைகளில் ஆண்டுச் சாவு 68 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஒன்றையொன்று கொத்திக் கொல்லும் குணம் குறைந்ததுதான் காரணம். மனிதர்களிடம் இதே பாதையில்தான் ஒத்துழைப்பு வந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.)

உங்களுக்கு வேண்டியது அந்த மூன்றாவது குணம். அதை ஆய்வுக்கூடத்தில் அளக்க ஒரு விளையாட்டு உண்டு. நான்கு பேர், ஆளுக்கு 20 காசு. விரும்பியதைப் பொது உண்டியலில் போடலாம். உண்டியலில் சேர்ந்ததை 1.6 மடங்காக்கி நால்வருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். எல்லோரும் 20 போட்டால் 80 காசு 128 ஆகி, ஆளுக்கு 32 கிடைக்கும். ஒருவர் மட்டும் போடாமல் இருந்தால் 60 காசு 96 ஆகி, ஆளுக்கு 24. போடாதவருக்குத் தன் 20ஐயும் சேர்த்து 44. உங்கள் 47 காசுக் கதைதான், வேறு எண்களில். முதல் சுற்றில் மக்கள் சராசரியாகப் பாதிக் காசைப் போடுகிறார்கள். முழுச் சுயநலம் என்றால் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆனால் பத்துச் சுற்றுக்குள் அது கரைந்து அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது.

ஏன் கரைகிறது என்று 2001இல் ஃபிஷ்பாக்கர், கெக்டர், ஃபேர் மூவரும் தோண்டிப் பார்த்தார்கள். மற்றவர்கள் இவ்வளவு போட்டால் நீங்கள் எவ்வளவு போடுவீர்கள் என்று ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக எழுதி வாங்கினார்கள். ஏறத்தாழ 30 சதவீதம் பேர் எதற்கும் பூஜ்யம் என்றார்கள். பாதிப் பேர், மற்றவர்கள் போடுவதற்கு ஏற்பத் தாங்களும் போடுவதாக எழுதினார்கள். பெரும்பாலும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைத்து என்பதைக் கவனியுங்கள். அந்தக் கொஞ்சம்தான் விஷம். நீங்கள் 10 போட்டால் நான் 9, நான் 9 என்றால் நீங்கள் 8. கெட்டவர்கள் சிலர், அவர்களைப் பார்த்துப் பின்வாங்கும் நல்லவர்கள் பலர்.

அந்தச் சதவீதத்தை அப்படியே உங்கள் 64 வீட்டின் மேல் பொருத்த வேண்டாம். ஆனால் பாக்கி வைத்த 14 வீடும் ஒரே ரகம் என்று நினைப்பது நிச்சயம் தவறு. கையில் பணம் முடங்கியவர் இருப்பார். வெளியூரில் இருக்கும் உரிமையாளரும் வாடகைக்காரரும் யார் கட்டுவது என்று இழுத்துக்கொண்டிருப்பார்கள். லிஃப்ட் ரிப்பேருக்குக் கணக்குக் காட்டவில்லை என்று சங்கத்தின் மேல் கோபமாக இருப்பவரும் உண்டு. அவர் நினைப்பில் அவர் உங்களைத் தண்டித்துக்கொண்டிருக்கிறார். அடுத்தவன் கட்டாதபோது நான் ஏன் என்பவர் நாலைந்து பேர். உண்மையான ஓசிக்காரர் இரண்டு மூன்று பேர் தேறலாம். 14 வீட்டுக்கும் இருவர் நேரில் போய்க் கால் மணி நேரம் பேசி, யார் எந்த ரகம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கேட்கப் போக வேண்டாம், காரணத்தைக் கேட்கப் போங்கள்.

வெள்ளத்தின்போது மட்டும் எப்படி நடந்தது? மனம் மாறவில்லை, நிலவரம்தான் மாறியிருந்தது. யாருக்கு என்ன தேவை என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. யார் அரிசி கொண்டுவந்தார், யார் பால் வாங்க இடுப்பளவுத் தண்ணீரில் போனார் என்பதும் தெரிந்தது. செய்ததன் பலன் அன்று மத்தியானமே தட்டில் வந்து விழுந்தது. தண்ணீர் பிளாக் பார்த்து ஏறவில்லை. இன்று லாரி வருவதும் டேங்க் காலியாவதும் யார் கண்ணிலும் படுவதில்லை. மாதக் கடைசியில் 64ஆல் வகுத்த ஒரு எண் மட்டும் போனில் வருகிறது.

எனவே முதல் காரியம், செலவு கண்ணில் படும்படி செய்வது. வீட்டுக்கொரு மீட்டர் என்று சொல்வது சுலபம். நம் அடுக்குமாடிகளில் சமையலறைக்கு ஒரு குழாய், இரண்டு குளியலறைக்கு இரண்டு என்று மொட்டைமாடியிலிருந்து தனித்தனியாக இறங்கும். அப்படியானால் உங்களுக்கு 192 மீட்டர் வேண்டும், பலவற்றைப் படிக்க வீட்டுக்குள் போக வேண்டும். அங்கேதான் இந்த யோசனை பல சங்கங்களில் செத்துப்போகிறது. மாற்று வழி: ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் நான்கு வீடுகளுக்கு ஒரே இறங்குகுழாய்தான். பிளாக்குக்கு எட்டு அடுக்கு, மொத்தம் 16. அடுக்குக்கு மூன்று குழாய் என்றால் 48 மீட்டர், அத்தனையும் மொட்டைமாடியிலேயே, டேங்கிலிருந்து இறங்கும் இடத்தில். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய் போகிறதா என்பதைப் பிளம்பரை வைத்து ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்து, படம் வரைந்துகொண்டு பிறகு ஆர்டர் கொடுங்கள். பிளாக்குக்கு ஒரு மீட்டர் வைக்கும் ஆசை வரும், மலிவு என்பதால். வைக்காதீர்கள், ஏ, பி சண்டைக்கு அது வாராவாரம் எண்ணெய் ஊற்றும்.

நான்கு வீடு என்பது நல்ல அளவு. 200 லிட்டர் வீணானால் 47 காசுக்குப் பதில் ஏழரை ரூபாய் தன் பங்காக விழும். யார் வீட்டு ஃப்ளஷ் ஒழுகுகிறது என்று மூன்று பேர் கேட்பார்கள். டிரிவர்ஸ் சொன்ன கணக்கு இந்த அளவில் உயிர்பெறும். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காவலாளியும் குடியிருப்பவர் ஒருவரும் சேர்ந்து 48 எண்ணையும் படித்து லிஃப்ட் பக்கத்துப் பலகையில் எழுதட்டும். ஆளுக்கு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று எழுத வேண்டும், அடுக்குக்கு மொத்தம் என்று எழுதினால் ஆறு பேர் உள்ள வீடு சேர்ந்த அடுக்கு வீண்பழி சுமக்கும். பக்கத்தில் 135 என்றும் எழுதுங்கள், நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு நாட்டில் வைத்திருக்கும் தலைக்கணக்கு அது. வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் உங்கள் குடியிருப்புக்கு நாளைக்கு 34,560 லிட்டர், ஏறக்குறைய மூன்று லாரி. முதல் இரண்டு மாதம் எண்ணை எழுதுவதோடு நிறுத்துங்கள், காசு கேட்காதீர்கள். மூன்றாம் மாதத்திலிருந்து 135க்கு மேல் போனதை மட்டும் அந்த அடுக்கின் கணக்கில் ஏற்றுங்கள்.

மீட்டர் வரும்வரை, அளக்காமலே தெரியும் ஒரு விதி வேண்டும். சுவிட்சர்லாந்தில் டோர்பல் என்ற மலைக்கிராமத்தில் 1517இலேயே ஒரு விதி எழுதிவைத்தார்கள்: குளிர்காலத்தில் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ அத்தனையைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். புல்லை யாரும் அளக்க வேண்டாம், மாட்டை எண்ணினால் போதும். எலினோர் ஆஸ்ட்ரம் இப்படி உலகெங்கும் நூற்றாண்டுக்கணக்கில் ஓடும் பொது ஏற்பாடுகளைச் சேகரித்துப் படித்து, 2009இல் பொருளாதார நோபல் பெற்றார். உங்களுக்கு அந்த மாதிரி விதி: ஏப்ரல் முதல் ஜூலைவரை ஹோஸ் பைப் கிடையாது, கார் வாளித் தண்ணீரில் மட்டும். வாளி எத்தனை என்று யாரும் எண்ண வேண்டாம், பைப் கண்ணில் பட்டால் போதும்.

இந்த விதியைப் போடும்போது வாடகைக்காரர்களையும் உட்காரவையுங்கள். தண்ணீரைத் திறப்பவர்கள் அவர்கள், பொதுக்குழுவில் ஓட்டு வெளியூர் உரிமையாளருக்கு. 11 பேர் வந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். தண்ணீர் விஷயத்துக்கு மட்டுமாவது வீட்டில் குடியிருப்பவருக்கே ஓட்டு என்று தீர்மானம் போடுங்கள். தான் கை தூக்கிய விதியை மீற மனிதருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

இப்போது அபராதம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில், பெற்றோர் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வருவதை 20 வாரம் கணக்கெடுத்தார்கள். ஆறு காப்பகங்களில் இடையில் ஒரு சிறு அபராதம் கொண்டுவந்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரட்டிப்பானது. அதுவரை ஆசிரியை காத்திருக்கிறாரே என்ற சங்கடத்தில் ஓடிவந்தவர்கள், காசு கொடுத்தாயிற்று என்று நிதானமாக வந்தார்கள். பிறகு அபராதத்தை எடுத்தபோதும் தாமதம் குறையவில்லை. சங்கடம் திரும்பி வரவே இல்லை. 2000இல் க்னீஸி, ருஸ்டிகினி வெளியிட்ட ஆய்வு இது. நாளுக்கு 50 ரூபாய் என்றால் மாதம் 1,500. வசதி உள்ளவருக்கு அது கட்டணம்; வசதி இல்லாதவருக்கு அடைக்கவே முடியாத கடன். அவர் மொத்தமாகக் கைகழுவிவிடுவார்.

தண்டனையே உதவாது என்று சொல்லவில்லை. முன்பு சொன்ன உண்டியல் விளையாட்டில், சொந்தக் காசைச் செலவழித்து ஏமாற்றுபவரின் காசைக் குறைக்கலாம் என்று அனுமதித்தால் கரைந்துகொண்டிருந்த ஒத்துழைப்பு மேலே ஏறுகிறது. ஆனால் 2008இல் இதையே 16 நகரங்களில் நடத்தியபோது இன்னொன்றும் வெளிவந்தது. ஏதென்ஸ், மஸ்கட் போன்ற சில இடங்களில், நிறையப் போட்டவர்களையும் சிலர் தேடிப்பிடித்துத் தண்டித்தார்கள். அடி வாங்கியவர்கள், இந்த நல்ல பிள்ளைகளின் வேலைதான் இது என்று திருப்பி அடித்தது ஒரு காரணம். அங்கெல்லாம் ஒத்துழைப்பு ஏறவில்லை. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்ட அன்று இரவே, முன்கூட்டிப் பணம் கட்டும் அந்த நாலைந்து பேர் மேல் பாய்ச்சல் தொடங்கும். "போன வருஷ பெயின்ட் கணக்கு எங்கே சார்?" என்று அவர்களைப் பார்த்துத்தான் கேட்பார்கள். இன்னொன்று, பெயர் கெடும் என்ற பயம் இருக்கும்வரைதான் அது கடிவாளம். கெட்டுவிட்ட பெயருக்கு யார் காவல் இருப்பார்கள்?

அதனால் பலகையில் கட்டியவர்களை எழுதுங்கள். "இந்த மாதம் 10ஆம் தேதிவரை 50 வீடு கட்டியாயிற்று" என்பதும் "14 வீடு கட்டவில்லை" என்பதும் கணக்கில் ஒன்று. ஓரக்கண்ணால் பார்த்துச் செய்பவரிடம் நேர் எதிரான வேலை செய்யும்.

கட்டாதவருக்குப் படிப்படியான வழி. 10ஆம் தேதி தாண்டினால் ஒரு போன். அடுத்த மாதம் இருவர் நேரில் போய், மூன்று தவணையாகக் கட்டும் வசதியைச் சொல்லட்டும். மூன்றாம் மாதம் எழுத்தில் கடிதம், கூடவே உங்கள் துணைவிதியில் உள்ள வட்டி. பிறகுதான் வக்கீல் நோட்டீஸ். இந்த வரிசையை 64 வீட்டுக்கும், தலைவரின் மைத்துனர் வீட்டுக்கும் சேர்த்து, ஒரு மாதம்கூடத் தவறாமல் செய்வதுதான் முக்கியம். தொகையின் அளவு பெரிய விஷயமில்லை. தண்ணீர் இணைப்பைத் துண்டிக்கும் யோசனை யாருக்காவது வந்தால், முதலில் வக்கீலைக் கேளுங்கள்.

முதல் படி ஏன் இவ்வளவு மென்மை? தவறு நேரும் என்பதால்தான். ஆக்சல்ராட் போட்டியில் ஜெயித்த அந்த நிரல், ஒரே ஒரு தடவை தவறுதலாக மாற்றி ஆடிவிட்டால் முடிவில்லாத பழிவாங்கலில் சிக்கிக்கொள்ளும். 1992இல் மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் இருவரும், தவறு நடக்கக்கூடிய உலகில் மூன்றில் ஒரு முறை மன்னித்துவிடும் ஆட்டக்காரர் மேலே வருவதைக் காட்டினார்கள். கட்டிய பணம் வங்கிக் கணக்கில் பெயர் இல்லாமல் வந்து, அவருக்கே பாக்கிக் கடிதம் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

போய்ப் பேசுபவர் நீங்களாக இருக்க வேண்டாம். தட்டிக்கேட்பது செலவுள்ள வேலை, கேட்பவருக்குப் பகை மிஞ்சும். அதனால் எல்லோரும் அதை ஒருவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவார்கள், அந்த ஒருவர் ஒரு நாள் ராஜினாமா கடிதம் கொடுப்பார். மாதம் இரண்டு வீடு, ஏ ஒன்று பி ஒன்று, சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஸ்பெயினில் வலென்சியாவின் பாசன விவசாயிகள் இன்றும் வியாழன் தோறும் பேராலய வாசலில் கூடி, தாங்களே தேர்ந்தெடுத்தவர்களைக் கொண்டே தண்ணீர் வழக்கைப் பேசித் தீர்க்கிறார்கள். நமக்கு இன்னும் அருகில் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டில் 30 குடும்புகளிலிருந்து (ஊரின் வார்டுகள்) குடவோலை எடுத்து, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரை ஓராண்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் பெயர் எழுதும் தகுதியே கிடையாது. பத்தாம் நூற்றாண்டில் அவ்வளவு தெளிவு. உங்கள் சங்கம் கடைசியாக எப்போது செலவுக் கணக்கை ஒட்டியது? வசூலுக்குக் கிளம்பும் முன், லாரி எண்ணிக்கை, தேதி, தொகை, லிஃப்ட் பில் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் பலகையில் ஒட்டுங்கள். 14இல் இரண்டு மூன்று பாக்கி அதிலேயே தீரும்.

ஏ, பி பகை பற்றிக் கொஞ்சம். 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 22 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டி வைத்தார், சில நாளில் கொடி எரிப்புவரை போயிற்று. சேர்ந்து படம் பார்க்கவும் சேர்ந்து சாப்பிடவும் வைத்தால் சரியாகும் என்று பார்த்தால், சாப்பாட்டையே ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோய் (ஏற்பாடு செய்து நிறுத்தியதுதான்) இரு தரப்பும் குழாய் வழியே போய் அடைப்பைத் தேடியபோதுதான் பகை இளகத் தொடங்கியது. அதுவும் ஒரே நாளில் இல்லை, அப்படிப் பல வேலைகளுக்குப் பிறகு. அதற்கு முந்தைய ஆண்டு அவரே நியூயார்க் மாநிலத்தில் நடத்திய முகாமில், பிரிக்கும் முன்பே நண்பர்களாகிவிட்ட பையன்கள் சண்டை போட மறுத்து, ஆய்வு பாதியில் நின்றது. இதைப் பலரும் சொல்வதில்லை. ஆகவே பிளாக் ஒற்றுமைக்கு என்று பொங்கல் விழா, ம்யூசிக்கல் சேர் எல்லாம் வேண்டாம், அதிலும் பிளாக் வாரியாகப் போட்டி வேண்டவே வேண்டாம். சம்ப் கழுவுதல், மழைநீர்க் குழியில் மணல் மாற்றுதல், மொட்டைமாடி வடிகால் அடைப்பு எடுத்தல் என்று மாதம் ஒரு ஞாயிறு, ஏ ஒருவர் பி ஒருவர் ஜோடியாக. மழைநீர்க் குழியை ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள்.

மீட்டிங் ஹாலில் கண் படம் ஒட்டினால் மக்கள் நேர்மையாக நடப்பார்கள் என்று யாராவது சொன்னால் ஒட்டாதீர்கள். 2006இல், காபி குடிப்பவர்கள் தாங்களே காசு போடும் ஒரு உண்டியலில் அது பிரமாதமாக வேலை செய்தது, பிறகு வந்த ஆய்வுகளில் அவ்வளவாக நிற்கவில்லை. மனித மூளையால் 150 பேரோடுதான் நெருங்கிப் பழக முடியும், அதுதான் எல்லை என்ற பேச்சும் அப்படித்தான். 2021இல் அதே முறையில் திரும்பக் கணக்கிட்டவர்களுக்கு எல்லை நாலிலிருந்து ஐந்நூறுக்கு மேல்வரை வந்தது.

இதையெல்லாம் செய்தாலும் 64 வீடும் நேராகாது. இரண்டு மூன்று வீடு கடைசிவரை வழிக்கு வராது, அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் காப்பாற்ற வேண்டியவர்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள்.

ஆனால் மீட்டர் வாங்குவதற்கும் முன்பு ஒன்று செய்யுங்கள், உங்கள் மகனைக் கொண்டே செய்யலாம். ஏமாற்றுபவரைக் கண்டுபிடிப்பதில் மனித மூளை ரொம்ப உஷார். லீடா காஸ்மிடிஸ் செய்த சோதனைகளில், வெறும் எழுத்தும் எண்ணுமாகக் கொடுத்தால் பெரும்பாலோர் தப்பாகப் போடும் தர்க்கப் புதிரையே, விதியை மீறியவர் யார் என்று மாற்றிக் கேட்டால் பெரும்பாலோர் சரியாகப் போட்டார்கள். அந்த உஷார் சில சமயம் திருடனே இல்லாத இடத்தில் திருடனைக் கண்டுபிடித்துவிடும். மகனிடம் ஒரு டார்ச்சும் அளவுகோலும் கொடுத்து இரவு ஒரு மணிக்கு மொட்டைமாடிக்கு அனுப்புங்கள். மோட்டார் நின்றிருக்க வேண்டும். இரண்டு பிளாக் டேங்கிலும் தண்ணீர் மட்டத்தைச் சென்டிமீட்டரில் குறித்து, நான்கு மணிக்குத் திரும்ப அளக்கட்டும். டேங்க் நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 120 லிட்டர். ஊரே தூங்கும் அந்த மூன்று மணி நேரத்தில் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் மணிக்கு 120 லிட்டர், நாளைக்கு 2,880 லிட்டர், 432 ரூபாய். மாதத்துக்கு ஏறக்குறைய 13,000 ரூபாய் யாருமே பிடிக்காமல் ஒழுகிப்போகிறது. மூன்று இரவு தொடர்ந்து அளந்து சராசரி எடுங்கள். ஒரு நாள் யாராவது விடியற்காலை ரயிலுக்குக் குளித்திருப்பார். ஒழுகுவது உறுதியானால் இறங்குகுழாய் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, எதை மூடும்போது மட்டம் நிற்கிறது என்று பார்த்து, அந்த அடுக்கின் நான்கு வீட்டு ஃப்ளஷ் டேங்கிலும் கொஞ்சம் மஞ்சள்தூளைக் கரைத்துவிடச் சொல்லுங்கள். கால் மணி நேரம் கழித்துக் கோப்பையில் மஞ்சள் இறங்கியிருந்தால், மாற்ற வேண்டியது அந்த ஃப்ளஷ்ஷின் ரப்பர் வாஷர்.